தோற்ற எதிரியையே இறுதியில் வென்றவர்

2010ஆம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. அன்று மலேசியாவில் பொதுவிடுமுறை. எந்த நாட்காட்டியிலும் அச்சாகியிருக்காத விடுமுறை அது. பண்டிகைக்காகவோ தேர்தலுக்காகவோ விடப்பட்டதல்ல. இரண்டு நாள்களுக்கு முன் ஜகார்த்தாவில் நம் தேசியக் காற்பந்துக் குழு தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதல் முறையாக வென்றதற்காக அப்போதைய பிரதமர் அறிவித்த விடுமுறை அது.

அந்தக் குழுவின் பயிற்றுநர் டத்தோ கே.ராஜகோபால். 1956இல் பிறந்தவர். சிலாங்கூர் மாநிலத்திற்கும் பின்னர் தேசியக் குழுவுக்கும் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடியவர். காலணியைக் கழற்றிய பிறகு விசிலை எடுத்துக்கொண்டு திடலோரம் நின்றவர். அவரை நம் இளையோரில் பலருக்கு இன்று பெயரளவில்தான் தெரியும். 2010இல் பிறந்த பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள்.

விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அவருடைய பயணத்தை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. வெற்றி எப்படி வந்தது என்பதோடு, அந்த வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் அதில் இருக்கிறது.

நட்சத்திரங்கள் நிறைந்த காலம்

ராஜகோபால் ஆடிய காலம் சிலாங்கூர் காற்பந்தின் பொற்காலம். 1978, 1979, 1981, 1982, 1984, 1986 என ஒன்பது ஆண்டுகளுக்குள் ஆறு முறை மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கு வந்தது. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆர்.ஆறுமுகம் என்று வீட்டில் பாட்டி தாத்தாவுக்கும் தெரிந்த பெயர்கள் நிறைந்த குழு அது.

இவர்களில் கோல் காவலர் ஆறுமுகம் போர்ட் கிள்ளானில் பிறந்தவர். நீண்ட கைகளால் எங்கிருந்தோ வரும் பந்தையும் எட்டிப் பிடிப்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் இருந்தார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்றும் போக முடியாமல் போன அந்தக் குழுவின் கதையைத் தழுவித்தான் 2016இல் 'ஓலா போலா' திரைப்படம் வந்தது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு 35 வயது.

இப்படிப்பட்டவர்கள் சூழ்ந்த காலத்தில் ஆடுவது சுலபமில்லை. ஒவ்வொரு வாரமும் முதல் 11 பேரில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி இருக்கும். பெரிய நட்சத்திரங்களுக்கு அந்தக் கவலை குறைவு. பின்னாளில் பயிற்றுநராகிறவர்களில் பலர் அந்தக் கவலையை அறிந்தவர்கள். யாரை எப்போது இறக்குகிறார்கள், ஏன் இறக்குகிறார்கள், யார் எந்த எதிரியிடம் தடுமாறுகிறார் என்று கவனிக்கும் பழக்கம் அதிலிருந்து பிறக்கிறது.

ஆடத் தெரிந்தவருக்குச் சொல்லித்தரத் தெரியுமா?

நன்றாக ஆடியவர் நல்ல பயிற்றுநராகிவிடுவார் என்று நாம் எளிதாக நினைக்கிறோம். கணிதத்தில் கெட்டிக்காரரான அண்ணன் தம்பிக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சண்டை வருவதைப் பல வீடுகளில் பார்த்திருப்போம். தனக்கு இயல்பாக வருவது மற்றவருக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரிவதில்லை. விளையாட்டிலும் அப்படித்தான்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் ரக்பி ஆட்டக்காரர் கிரெகர் டௌன்சென்ட். 1973இல் பிறந்தவர். தம் நாட்டுக்காக 82 ஆட்டங்கள் ஆடினார். 1997இல் தென்னாப்பிரிக்கா சென்று தொடரை வென்ற பிரிட்டிஷ், ஐரிஷ் லயன்ஸ் குழுவில் இருந்தார். 1999இல் ஸ்காட்லாந்து ஐந்து நாடுகள் போட்டியை வென்றபோது எல்லா ஆட்டத்திலும் 'டிரை' போட்டார். அவருடைய ஆட்டம் யாரும் எதிர்பாராததைச் செய்யும் ஆட்டம். அது சில நாள் மின்னும்; சில நாள் சொதப்பும்.

அப்படிப்பட்டவர் பயிற்றுநரானபோது ஒரே நாளில் தேசியக் குழுவின் தலைமைக்கு வந்துவிடவில்லை. முதலில் பிறருக்குத் துணையாக இருந்து தொழிலைக் கற்றார். 2012இல் கிளாஸ்கோ வாரியர்ஸ் குழுவின் பொறுப்பை ஏற்றார். 2015இல் அக்குழு புரோ12 லீக்கை வென்றது. அதன் பிறகே, 2017இல், ஸ்காட்லாந்தின் தலைமைப் பயிற்றுநரானார். ஆட்டக்காரராகச் சம்பாதித்த பெயர் கதவைத் திறக்க உதவியிருக்கலாம். உள்ளே போய் அமர்வதற்கு வேறொரு படிப்பு தேவைப்பட்டது.

ராஜகோபாலும் இதே வழியில் வந்தவர்தான். ஆடி முடித்தவுடன் தேசியக் குழு அவர் கைக்கு வரவில்லை. அந்தப் பொறுப்பு கிடைத்தபோது அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். இடையில் பல ஆண்டுகள் பயிற்றுநர் வேலையிலேயே கழிந்தன. இளையோர் குழுக்களோடும் வேலை செய்தார். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் பயிற்றுநரின் படம் நாளிதழில் அடிக்கடி வராது. ஆனால் எந்தப் பையன் நெருக்கடியில் பந்தை ஒளிப்பான், எந்தப் பையன் கேட்டு வாங்குவான் என்பது அங்கேதான் தெரியவரும்.

காலியாக இருந்த நாற்காலி

2009இல் தேசியக் குழுவின் பயிற்றுநர் நாற்காலி யாரும் ஆசைப்படும் நாற்காலியாக இல்லை. 2007இல் ஆசியக் கிண்ணத்தை நான்கு நாடுகளில் ஒன்றாக இங்கேயே ஏற்று நடத்தினோம். சொந்த ரசிகர்கள் முன்னால் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று மூன்று ஆட்டத்திலும் தோற்றோம்.

அதன் பிறகு குழுவை ஏற்றவரும் ஒரு மலேசிய இந்தியர்தான். பி.சத்தியநாதன். பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே 2007 மெர்டேக்கா கிண்ணத்தை வென்று கொடுத்தார். ஆனால் 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றதும் அவர் விலக்கப்பட்டார். அந்த இடத்திற்குத்தான் ராஜகோபால் வந்தார். தேசியக் குழுவும் 23 வயதுக்குட்பட்டோர் குழுவும் அவர் பொறுப்பில் வந்தன.

அப்போது நம் லீக்கில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருந்தது. 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு மலேசிய லீக்கில் இடமில்லை. அதுவரை மாநிலக் குழுக்களில் கோல் அடிக்கும் வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டவரே செய்துவந்தார்கள். அவர்கள் போனதும் உள்ளூர் இளைஞர்கள் தாக்குதல் வரிசையில் வாரந்தோறும் ஆடவேண்டிய நிலை வந்தது. இந்தக் கொள்கை சரியா தவறா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆனால் ராஜகோபாலின் கைக்கு ஆட்ட அனுபவம் உள்ள உள்ளூர் இளைஞர்கள் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2009 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் கோலாலம்பூர் வந்தது. முதல் ஆட்டத்தில் மலேசியா 2-3 என்று தோற்றது. அம்ரி யஹ்யா இரண்டு கோல் அடித்தார். நட்பு ஆட்டம்தான், தோல்விதான். இருந்தாலும் பல மாதங்களுக்குப் பிறகு ரசிகர்கள் தலை நிமிர்ந்து அரங்கிலிருந்து வெளியே வந்த ஆட்டம் அது.

வியந்தியானில் 20 ஆண்டு காத்திருப்பு

2009 டிசம்பர். லாவோஸ் தலைநகர் வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டி. காற்பந்தில் மலேசியா கடைசியாகத் தங்கம் வென்றது 1989இல், அதுவும் கோலாலம்பூரில். அதன் பிறகு 1993 தொடங்கி 2007 வரை தாய்லாந்து தொடர்ந்து எட்டு முறை தங்கத்தைக் கொண்டுபோயிருந்தது.

பிரிவு ஆட்டங்களில் மலேசியா வியட்நாமிடம் 1-3 என்று தோற்றது. ஆனால் தாய்லாந்தை 2-1 என்று வென்றது. எட்டு முறை தொடர் வெற்றியாளரான தாய்லாந்து பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியது. அரையிறுதியில் லாவோஸை 3-1 என்று வென்ற மலேசியா, இறுதியில் மீண்டும் அதே வியட்நாமைச் சந்தித்தது.

அந்த இறுதியாட்டம் அழகான ஆட்டமல்ல. முதல் ஆட்டத்தில் மூன்று கோல் விட்ட குழு, இம்முறை ஒன்றுகூட விடவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவரின் காலில் பட்டு பந்து அவர்களுடைய வலைக்குள்ளேயே போனது. 1-0. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம்.

எதிரி தன் கோலில் தானே போட்டுக்கொண்டான், இது அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 85 நிமிடம் வரை கோல் விடாமல் நின்றால்தான் 85ஆவது நிமிடத்து அதிர்ஷ்டத்தால் பயன் உண்டு.

1-5இல் தொடங்கிய கிண்ணம்

ஓராண்டு கழித்து, 2010 டிசம்பர் 1. தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியா 5, மலேசியா 1.

அந்த இரவில் இங்கே பலர் தொலைக்காட்சியை அடைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். 2007இன் ஐந்து கோல்களும் 2009 ஜனவரியின் ஐந்து கோல்களும் மறக்காத நாடு இது. மூன்று நாள் கழித்து தாய்லாந்துடன் 0-0. பிறகு லாவோஸை 5-1 என்று வென்றது. பிரிவில் இரண்டாம் இடம். தாய்லாந்து வெளியேறியது.

அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாம். புக்கிட் ஜாலிலில் சாஃபீ சாலி இரண்டு கோல் அடிக்க மலேசியா 2-0 என்று வென்றது. ஹனோயில் 0-0 என்று தாக்குப்பிடித்தது. இறுதியில் எதிர்கொண்டது யாரை? முதல் நாளில் ஐந்து கோல் அடித்த அதே இந்தோனேசியாவை.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கில் முதல் ஆட்டம். இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பார்வையாளர் பகுதியிலிருந்து இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் மீது லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதால் அவர்கள் திடலை விட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. நம் ரசிகர்களில் சிலர் செய்த அந்தக் காரியம் வெட்கப்படவேண்டியது. வெற்றியைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு சாஃபீ சாலி, அசாரி சம்சுடின், மீண்டும் சாஃபீ என்று மூன்று கோல்கள். 3-0.

டிசம்பர் 29, ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கு. அரங்கம் முழுக்க எதிரணியின் ரசிகர்கள். முதல் பாதியிலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. 21 வயதே ஆன கோல் காவலர் கைருல் பஹ்மி சே மாட் அதைப் பிடித்தார். இரண்டாம் பாதியில் சாஃபீ சாலி கோல் அடித்தார். இப்போது இரண்டு ஆட்டத்தின் கூட்டுத்தொகை 4-0. இந்தோனேசியா சமன் செய்யவே நான்கு கோல் அடிக்கவேண்டும். அவர்கள் இரண்டு அடித்தார்கள். அன்றைய ஆட்டத்தில் மலேசியா 1-2 என்று தோற்றது. கிண்ணத்தை 4-2 என்று வென்றது. ஐந்து கோல்களுடன் சாஃபீ சாலி போட்டியின் சிறந்த கோல் வீரரானார். 1996இல் இந்தப் போட்டி தொடங்கிய காலத்திலிருந்து நமக்குக் கிடைத்த முதல் கிண்ணம் அது.

இரண்டு போட்டிக்கும் ஒரே வடிவம்

2009, 2010 முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009இல் பிரிவுச் சுற்றில் வியட்நாமிடம் தோல்வி, இறுதியில் வியட்நாம் மீது வெற்றி. 2010இல் பிரிவுச் சுற்றில் இந்தோனேசியாவிடம் தோல்வி, இறுதியில் இந்தோனேசியா மீது வெற்றி.

ஒரு முறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அடுத்தடுத்த ஆண்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது. பயிற்றுநரின் வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. முதல் தோல்வியைப் பார்த்துப் புலம்பாமல் பாடமாகப் படிப்பது. எந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்தது, நம் தற்காப்பில் எந்த இடைவெளி திறந்தது, எதிரியின் எந்த ஆட்டக்காரருக்கு இடம் கொடுத்தால் ஆபத்து என்று குறித்துக்கொள்வது. இரண்டாம் முறை சந்திக்கும்போது அந்தக் கதவுகளை அடைப்பது.

இதோடு இன்னொன்று. ஐந்து கோல் விட்ட குழுவைத் திட்டித் தீர்ப்பது சுலபம். அந்த இளைஞர்கள் மறுநாள் காலை பயிற்சித் திடலுக்கு வந்து மீண்டும் ஓடவேண்டும். அவர்களுடைய மனத்தை அந்த நிலைக்குக் கொண்டுவருவதும் பயிற்றுநரின் தலையில்தான் விழுகிறது. சாஃபிக் ரஹிம், நோர்ஷாருல் இட்லான், எஸ்.குணாளன் ஆகியோர் வியந்தியானில் தங்கம் வென்ற குழுவிலும் இருந்தார்கள். ஜகார்த்தாவில் கிண்ணம் வென்ற குழுவிலும் இருந்தார்கள். முதலில் தோற்று இறுதியில் வெல்ல முடியும் என்பது அவர்களுக்கு யாரோ சொன்ன அறிவுரையல்ல. ஓராண்டுக்கு முன் அவர்கள் செய்து பார்த்த காரியம்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் தாளை மடித்துப் பையின் அடியில் வைப்பவர் உண்டு. எந்தக் கேள்வியில் போனது என்று சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பவரும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் அதே வகைக் கேள்வி மீண்டும் வரும்போது இருவரின் நிலையும் ஒன்றாக இருக்காது.

கிண்ணத்திற்குப் பிறகு

பெரும்பாலான வெற்றிக் கதைகள் இங்கே முடிந்துவிடும். ஆனால் பயிற்றுநர் தொழிலைப் பற்றி அறிய விரும்புவோர் அடுத்த மூன்று ஆண்டுகளையும் பார்க்கவேண்டும்.

2011 ஜூலையில் ஆர்சனல், லிவர்பூல், செல்சி என்று மூன்று ஆங்கிலக் குழுக்கள் அடுத்தடுத்துக் கோலாலம்பூர் வந்தன. மூன்று ஆட்டத்திலும் தோல்வி என்றாலும் லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தோம். செல்சியுடன் ஆடியது ஜூலை 21. ஜூலை 23ஆம் தேதி சிங்கப்பூரின் ஜாலான் பெசார் அரங்கில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று ஆட்டம். மலேசியா 3-5 என்று தோற்றது. புக்கிட் ஜாலிலில் நடந்த இரண்டாம் ஆட்டம் 1-1. உலகக் கிண்ணப் பயணம் முடிந்தது. கிண்ணம் வென்று ஏழு மாதம்கூட ஆகவில்லை.

2012 நவம்பரில் கிண்ணத்தைத் தற்காக்கும் போட்டி. முதல் ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 0-3. குழு எழுந்து நின்று லாவோஸையும் இந்தோனேசியாவையும் வென்று அரையிறுதிக்குப் போனது. இம்முறை இறுதி வரை போக முடியவில்லை. தாய்லாந்திடம் 1-1, 0-2. 2013ஆம் ஆண்டு இறுதியோடு ராஜகோபாலின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை.

நாடே விடுமுறை கொண்டாடிய பயிற்றுநருக்கும் அதன் பிறகு அதே நாற்காலியில் மூன்று ஆண்டுகள்தான். ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் தவறினால் அடுத்த ஆட்டத்தில் அமரவைக்கப்படுவார். பயிற்றுநர் தவறினால் வேலை போகும். 11 பேர் செய்த தவறுக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர் ஒருவரே. இந்தத் தொழிலுக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வரவேண்டும்.

ஆனால் வேலை போனதோடு வாழ்க்கை போய்விடுவதில்லை. ராஜகோபால் பின்னர் சரவாக் குழுவுக்குப் பயிற்சியளித்தார். அவருக்கு முன் விலக்கப்பட்ட சத்தியநாதனும் முடங்கிவிடவில்லை. 2012இல் ஆயுதப்படைக் குழுவை பிரிமியர் லீக் வெற்றியாளராக்கினார். பின்னர் சிலாங்கூரின் பயிற்றுநராகவும் இருந்தார். 2023இல் அவர் காலமானபோது நாட்டின் காற்பந்து உலகமே அஞ்சலி செலுத்தியது. பேராவின் முன்னாள் ஆட்டக்காரரான எம்.கராத்து, 2010இல் கிளந்தான் மாநிலத்திற்கு அதன் வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். கோத்தா பாருவில் இன்றும் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

இந்த மூவரும் நம்மவர்கள் என்று பெருமைப்படுவதில் தவறில்லை. அவர்கள் பயிற்சியளித்த குழுக்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரிடமும் பேசி, எல்லாரையும் ஒரே திசையில் ஓடவைத்ததுதான் அவர்களுடைய திறமை. மலாய் மொழியில் தெளிவாகப் பேசத் தெரியாமல் இந்நாட்டில் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆங்கிலம் தெரியாமல் உயர்நிலைப் பயிற்சி உரிமங்களுக்கான பாடங்களைப் படிப்பது கடினம்.

நம் பிள்ளைகள் எங்கே?

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், ஷா ஆலம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க மாலை நேரத்தில் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். முன்பு தோட்டத்துத் திடல். இப்போது அடுக்குமாடியின் கீழே உள்ள சிமெண்டுத் தளமும் வாடகைக்கு எடுக்கும் ஃபுட்சால் கூடமும். திறமை குறைந்துவிடவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

"பந்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். தொழில்முறை ஆட்டக்காரராக நிலைப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கும் 35 வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். குழுக்களும் நிலையில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்து சூப்பர் லீக் வரை சென்ற பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு, 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகியது. நம் இளைஞர்களுக்குத் திறந்திருந்த ஒரு கதவு அதோடு மூடியது.

ஆனால் அந்தக் கேள்விக்கு 'ஆட்டக்காரர்' என்பது மட்டுமே பதிலல்ல. பயிற்றுநர், உடற்பயிற்சி வல்லுநர், விளையாட்டுக் காயச் சிகிச்சையாளர், ஆட்டப் பகுப்பாய்வாளர், நடுவர், உடற்கல்வி ஆசிரியர் என்று திடலைச் சுற்றிப் பல வேலைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 35 வயது முடிவல்ல. அது தொடக்கமாகவும் இருக்கலாம்.

பயிற்றுநராக விரும்புவோருக்கு

முதலில் பள்ளி. விளையாட்டில் தேர்ச்சியுள்ள மாணவர்களுக்குப் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூரின் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி ஆகியவை உள்ளன. காற்பந்துக்கென்று பகாங், கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி உண்டு. அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடவில்லை. உங்கள் பள்ளிக் குழுவில் ஆடுங்கள். புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் புறப்பாடத்துக்கும் 10 விழுக்காடு உண்டு என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள்.

அடுத்து உயர்கல்வி. மலாயாப் பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்றவற்றில் விளையாட்டு அறிவியல் சார்ந்த படிப்புகள் உள்ளன. தசை எப்படிச் சோர்கிறது, வளரும் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி தாங்கும், தோல்விக்குப் பிறகு மனம் எப்படி மீள்கிறது என்பதெல்லாம் அங்கே பாடங்கள். அறிவியல் பாடங்களைக் கைவிடாதீர்கள். மாரா பல்கலைக்கழகத்தின் நுழைவு விதிகள் வேறானவை. விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது உரிமம். தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழ் உள்ள தேசியப் பயிற்றுநர் அகாடமி, விளையாட்டு அறிவியல் பாடங்களை நிலை நிலையாக நடத்துகிறது. காற்பந்துக்கென்று மலேசியக் காற்பந்துச் சங்கம் அடிப்படை உரிமத்திலிருந்து தொடங்கி வகுப்புகள் நடத்துகிறது. அதன் பிறகு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ', கடைசியாக 'புரோ' என்று படிகள் உண்டு. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக உண்மையான குழு ஒன்றுக்குப் பயிற்சியளித்த அனுபவம் வேண்டும். பணம் கட்டி ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது.

நான்காவது, இன்றே செய்யக்கூடியது. உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் காற்பந்துக் குழுவுக்குப் பெரும்பாலும் ஓர் ஆசிரியர் மட்டுமே பொறுப்பாக இருப்பார். அவரிடம் போய், "சார், சனிக்கிழமை பயிற்சிக்கு நான் உதவலாமா?" என்று கேளுங்கள். கூம்புகளை அடுக்குவது, பந்துகளை எண்ணி எடுத்து வைப்பது, பத்து வயதுப் பிள்ளைக்குப் பாதத்தின் உட்புறத்தால் பந்தைக் கடத்தச் சொல்லித்தருவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். ஒரே விஷயத்தை நாற்பது முறை சொல்லியும் எரிச்சல் வராமல் நாற்பத்தோராவது முறை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்களுக்குள் ஒரு பயிற்றுநர் இருக்கிறார்.

கூடவே ஒரு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் குழு தோற்றால் நடுவரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே கோல் விட்டோம், ஏன் விட்டோம். அதே எதிரியை அடுத்த மாதம் சந்திக்கும்போது அந்த இரண்டு வரி உங்களுக்கு உதவும்.